வீகன் மாத மளிகை: காசுக்குத் தகும் பொட்டலம் எது, தகாத டப்பா எது

பால், முட்டை, இறைச்சி எதுவும் சேராத வீகன் சாப்பாடு கையைக் கடிக்கும் என்பவர்கள் உண்டு. பருப்பையும் பயறையும் விட மலிவு வேறென்ன என்பவர்களும் உண்டு. இருவருடைய மளிகைப் பில்லையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பேச்சும் உண்மை என்று தெரியும். முதல் பில்லில் பாதாம் பால், வீகன் சீஸ், உறைந்த பர்கர் வட்டு, புரத பார் எல்லாம் வரிசையாக இருக்கும். இரண்டாவதில் அவை இருக்காது. தானியம், பருப்பு, காய்கறி வரிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே. பாலும் முட்டையும் இறைச்சியும் போன இடத்தை எதை வைத்து நிரப்புகிறோம் என்பதில்தான் மாதக் கணக்கு ஏறுவதும் இறங்குவதும்.

அதனால் இந்த மதிப்புரை எந்தக் கடையையும் பிராண்டையும் பற்றியதல்ல. வீகன் கூடையில் வழக்கமாக விழும் பொருள்களை ஒவ்வொன்றாக எடுத்து, கொடுக்கிற காசுக்கு அது வேலை செய்கிறதா என்று பார்க்கிறது.

முதலில் அளவுகோல்

கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். சோயா பாலைத் திரித்துச் செய்யும் டோஃபு ஒரு கிலோ என்றால் அதில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ காய்ந்த சோயாவில் தண்ணீர் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புரதத்துக்காக வாங்கும் பொருள் என்றால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: 20 கிராம் புரதம் இதில் என்ன விலைக்கு வருகிறது? பொட்டலத்தின் பின்பக்கம் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று அச்சிட்டிருக்கும். 2000-ஐ அந்த எண்ணால் வகுத்தால் எத்தனை கிராம் வேண்டும் என்று கிடைக்கும். அதை ஒரு கிராமின் விலையால் பெருக்கினால் முடிந்தது.

வகுத்து வைத்த எடைகள் இவை. சோயா துண்டு, அதாவது மீல்மேக்கர், 40 கிராம். வேர்க்கடலை 80. உடைத்த பருப்பு வகைகள் 80 முதல் 85. காய்ந்த கொண்டைக்கடலை 100. டெம்பே, அதாவது சோயாவை நொதிக்கவைத்துச் செய்யும் கட்டி, 100 முதல் 105. கெட்டி டோஃபு, தண்ணீர் எவ்வளவு பிழிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, 130 முதல் 170. சோயா பால் 600 மில்லி. ஓட்ஸ் பால் சுமார் 2 லிட்டர். பாதாம் பால் சுமார் 4 லிட்டர். தேங்காய் எண்ணெயும் மாவுச்சத்தும் சேர்த்துச் செய்த சீஸுக்கு இந்தக் கணக்கே போட முடியாது. பல பொட்டலங்களில் புரதம் பூஜ்யம் என்றே இருக்கும்.

இந்த அளவுகோலை எல்லாவற்றின் மேலும் வைத்துப் பார்ப்பது தவறு. பெட்டிப் பாலைக் கால்சியத்துக்காக வாங்குகிறோம், எண்ணெயைக் கலோரிக்காக, வைட்டமின் பி12 மாத்திரையைப் பி12-க்காக. ஒவ்வொன்றையும் அதன் வேலையை வைத்தே எடை போட வேண்டும். கீரையில் எத்தனை கிராம் புரதம் என்று நிறுத்துப் பார்ப்பவர் கீரையைத் தப்பாக வாங்குகிறார்.

காய்ந்த பயறும் டப்பாப் பயறும்

400 கிராம் கொண்டைக்கடலை டப்பாவைத் திறந்து நீரை வடித்தால் கையில் மிஞ்சுவது சுமார் 240 கிராம். அது காய்ந்த கடலை ஏறக்குறைய 100 கிராமுக்குச் சமம், ஏனென்றால் கடலை வெந்தால் எடை இரண்டேகால் முதல் இரண்டரை மடங்காகிறது. ஆக ஒரு கிலோ காய்ந்த கடலை பத்து டப்பாவுக்கு ஈடு. டப்பா விலையைப் பத்தால் பெருக்கி, ஒரு கிலோ கடலை விலையோடு அடுப்புச் செலவைச் சேர்த்து ஒப்பிட்டால் எந்த ஊரிலும் விடை உடனே தெரிந்துவிடும். டப்பாவுக்கும் ஒரு வேலை உண்டு. ஊறவைக்க மறந்த நாளுக்காக மாதம் இரண்டு டப்பா வைத்திருப்பது, அந்த நாளில் வெளியில் வாங்கிச் சாப்பிடுவதைவிட மலிவு. அதைத் தினசரிப் பழக்கமாக்கினால்தான் பில் ஏறுகிறது. டப்பா நீரில் உப்பு அதிகம். வடித்துக் கழுவினால் கணிசமாகக் குறையும்.

காய்ந்த பயறு வாங்குவோர் படும் பெரிய தொல்லை, வேகாத பயறு. எட்டு மணி நேரம் ஊறியிருக்கும், குக்கரில் அரை மணி நேரம் இருந்திருக்கும், உள்ளே இன்னும் கல்லாகவே நிற்கும். பெரும்பாலும் காரணம் வயது. வெப்பமும் ஈரப்பதமும் உள்ள இடத்தில் பல மாதம் கிடந்த பயற்றில் செல்சுவரைப் பிணைக்கும் பெக்டின் இறுகிப்போகிறது. அதன்பின் எவ்வளவு கொதித்தாலும் இளகாது. கால்சியம் மிகுந்த கடின நீரும் இதே வேலையைச் செய்யும். புளிப்பான பொருளை முதலிலேயே சேர்த்தாலும் அப்படித்தான். தக்காளி, எலுமிச்சை எல்லாம் பயறு வெந்த பிறகு. பழைய பயறு கையில் வந்துவிட்டால் ஒரு லிட்டர் ஊறல் நீருக்குக் கால் தேக்கரண்டி சமையல் சோடா போதும். கூடப் போட்டால் சோப்பு வாடை வரும், தயமின் என்ற பி1 வைட்டமின் அழியும், தோல் கூழாகும். உப்பு போட்டால் பயறு வேகாது என்பது பழைய நம்பிக்கை. உண்மையில் லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்புப் போட்ட நீரில் ஊறிய பயற்றின் தோல் மென்மையாகவே வெந்து வருகிறது.

மூட்டையாக வாங்கும் சலுகையை இதை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். மூன்று மாதத்தில் தீரக்கூடிய அளவு என்றால் வாங்கலாம். ஓராண்டுக்கு என்று வாங்கினால் கடைசி மாதங்களில் எரிபொருள் சேமிப்பைத் தின்றுவிடும். பை உள்ளே தூசும் உடைந்த துணுக்கும் நிறைய இருந்தாலும், தோல் சுருங்கி நிறம் மங்கியிருந்தாலும் அந்தச் சரக்கு பழையது. வண்டுக்குப் பயந்தால், வாங்கிய உடனே நான்கு நாள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்தபின் காற்றுப் புகாத டப்பாவில் கொட்டுங்கள். குளிர்ந்த நிலையில் திறந்தால் ஈரம் படிந்து பூசணம் பிடிக்கும்.

ராஜ்மாவுக்குத் தனி எச்சரிக்கை. அதிலுள்ள லெக்டின் நச்சு கொதிநிலையில்தான் அழியும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும். பத்து நிமிடம் என்பது குறைந்தபட்சம், அரை மணி நேரம் பாதுகாப்பானது. மின்சாரம் மிச்சம் என்று ஸ்லோ குக்கரில் பச்சையாகப் போட்டு விடுவது ஆபத்து. அது பல நேரம் கொதிநிலையைத் தொடுவதில்லை, அரைகுறைச் சூட்டில் நச்சின் வீரியம் கூடவும் செய்யும்.

எரிபொருளையும் நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் உடைத்த பருப்புதான் இந்த வரிசையில் முதலிடம். ஊறல் வேண்டாம், 20 முதல் 30 நிமிடத்தில் வெந்துவிடும். முழுப் பயற்றை ஒரே முறையில் அரைக் கிலோ வேகவைத்து, 240 கிராம் பொட்டலங்களாக ஃப்ரீசரில் போட்டால் வீட்டிலேயே டப்பாப் பயறு தயார். வெந்த நீரில் கொஞ்சம் சேர்த்து உறையவைத்தால் காய்ந்துபோகாது.

மீல்மேக்கர், கோதுமைப் புரதம்

புரதக் கணக்கில் மீல்மேக்கரை மிஞ்சும் பொட்டலத்தைக் காண்பது அரிது. எண்ணெய் எடுத்த சோயா மாவு என்பதால் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல் புரதம்; கொழுப்பு மிகக் குறைவு என்பதால் சிக்கு வாடை வராமல் நீண்ட நாள் தாங்கும். பொருள் பட்டியலில் ஒரே ஒரு வரி இருந்தால் நல்லது. மசாலா கலந்த வகையில் உப்புக்கும் சுவையூட்டிக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

பிடிக்கவில்லை என்பவர்கள் பெரும்பாலும் அதைப் பிழியாமல் சமைத்தவர்கள். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம், பிழி, குளிர்ந்த நீரில் ஒருமுறை அலசு, மறுபடியும் பிழி. பச்சைச் சோயா வாடை அந்த நீரோடு போய்விடும். பிழிந்த துண்டு காய்ந்த பஞ்சு மாதிரி. குழம்பின் சுவையை உள்ளே இழுக்கும். பிழியாத துண்டில் ஏற்கெனவே நீர் நிறைந்திருப்பதால் சுவை வெளியே நிற்கிறது. ஒருவருக்கு ஒரு வேளைக்கு 30 முதல் 40 கிராம் போதும், ஊறினால் அதுவே பெரிய கிண்ணம். தினம் மூன்று வேளையும் இதையே தின்று புரதம் எண்ணுவது வயிற்றுக்குச் சங்கடம், நாக்குக்கும்.

கோதுமைப் புரத மாவில் 100 கிராமுக்குச் சுமார் 75 கிராம் புரதம். எண் பெரிது, ஆனால் லைசின் என்னும் அமினோ அமிலம் இதில் குறைவு, எனவே பயறோடு சேர்த்தே உண்ண வேண்டும். சீலியாக் நோய் உள்ளவர் தொடக்கூடாது. சாதாரண கோதுமை மாவைப் பிசைந்து நீரில் அலசி இதை வீட்டிலேயே எடுக்கலாம் என்று சொல்வார்கள். எடுக்கலாம்தான், ஆனால் மாவின் பெரும்பகுதி மாவுச்சத்தாக நீரோடு போகிறது. அந்த நீரை வேறெதற்கும் பயன்படுத்தாவிட்டால் அது சிக்கனம் ஆகாது.

டோஃபு, டெம்பே

டோஃபு பொட்டலத்தில் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். நீர் வடித்த எடை எவ்வளவு, 100 கிராமில் புரதம் எவ்வளவு, எதை ஊற்றித் திரித்திருக்கிறார்கள். கால்சியம் சல்பேட், அல்லது அதன் சேர்பொருள் எண்ணான இ516, என்றிருந்தால் அந்த டோஃபு கால்சியத்துக்கும் கணக்காகும். மெக்னீசியம் குளோரைடு, இ511, என்றிருந்தால் சுவை மென்மை, கால்சியம் குறைவு. இரண்டும் ஒரே விலையில் இருந்தால் வீகன் வீட்டுக்கு முதலாவதுதான் லாபம்.

திறந்தபின் நீரில் மூழ்கவைத்து, நீரைத் தினம் மாற்றி, நான்கைந்து நாளில் தீர்க்க வேண்டும். சலுகையில் கூடுதலாக வாங்கினால் ஃப்ரீசரில் போடலாம்; இளகும்போது பஞ்சுபோல் துளைவிட்டு நிற்கும். பட்டுப்போன்ற மென்மை வேண்டிய பண்டத்துக்கு அது ஆகாது, குழம்புக்கும் வறுவலுக்கும் முன்னைவிட நன்றாக வரும். மென்மையான சில்க்கன் வகையை மட்டும் உறையவைக்காதீர்கள்.

டெம்பே புரதக் கணக்கில் டோஃபுவுக்கு மேல், செரிமானத்திலும் எளிது. பல இடங்களில் விலைதான் இடிக்கிறது. டெம்பேயில் பி12 உண்டு என்ற பேச்சை நம்பி மாத்திரையை விட்டுவிடக் கூடாது.

பெட்டிப் பால்: பில்லை ஏற்றும் முதல் குற்றவாளி

வீகனாக மாறிய முதல் மாதத்தில் பெரும்பாலோர் அதிகம் இழப்பது இங்கேதான். பால் என்ற ஒரே பெயரில் முற்றிலும் வேறான நான்கு பானங்கள் அலமாரியில் நிற்கின்றன. சோயா பால் 100 மில்லியில் 3 கிராமுக்கு மேல் புரதம். பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது அதுதான். பட்டாணிப் புரதப் பாலும் ஓரளவு அப்படியே. ஓட்ஸ் பாலில் 1 கிராம் அளவு. பாதாம் பாலில் அரை கிராம் சுற்றுவட்டாரம். பல பெட்டிகளில் பாதாமின் பங்கு நூற்றுக்கு இரண்டு மூன்றுதான், மீதி தண்ணீரும் கெட்டிப்பொருளும். பாதாமுக்கு என்று நினைத்துக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி தண்ணீரைச் சுமக்கும் பெட்டிக்குப் போகிறது.

பெட்டிப் பாலை வாங்கத் தகுந்த ஒரே வலுவான காரணம் செறிவூட்டல். 100 மில்லிக்கு 120 மில்லிகிராம் கால்சியம் என்று போட்டிருந்தால் பசும்பாலின் அளவு. 250 மில்லி குவளையில் 300 மில்லிகிராம் வந்துவிடும். கூடவே பி12, டி வைட்டமினும் இருந்தால் பெட்டி தன் விலையைச் சம்பாதிக்கிறது. ஆர்கானிக் என்று கூடுதல் விலை சொல்லும் பல வகைகளில் இந்தச் செறிவூட்டல் இருப்பதில்லை. பட்டியலில் கால்சியம் என்ற சொல்லே இல்லாத பெட்டியை அதிக விலைக்கு வாங்குவதில் பொருளில்லை. சேர்த்த கால்சியம் அடியில் படியும். ஒவ்வொரு முறையும் குலுக்காமல் ஊற்றினால் நீங்கள் காசு கொடுத்த சத்து கடைசியில் பெட்டியோடு குப்பைக்குப் போகும்.

வீட்டில் செய்வது எளிது. 100 கிராம் சோயாவை எட்டு முதல் பத்து மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, ஒரு லிட்டர் நீரில் அரைத்து வடிகட்டினால் ஏறக்குறைய ஒரு லிட்டர் பால், 100 மில்லியில் சுமார் 2.5 முதல் 3 கிராம் புரதத்தோடு. பச்சை வாடைக்குக் காரணம் லிபாக்சிஜினேஸ் என்ற நொதி. குளிர்ந்த நீரில் அரைத்தால் அது வேலை செய்து வாடையைக் கிளப்பும், கொதிநீர் ஊற்றி அரைத்தால் அங்கேயே அடங்கும். மிக்ஸி ஜார் சூட்டைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வடித்த பாலைக் கட்டாயம் கொதிக்கவைக்க வேண்டும், ஏனென்றால் பச்சைச் சோயாவில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. கொதிக்கும் முன்பே நுரை பொங்கி மேலே வரும். அதைக் கொதிப்பு என்று நினைத்து இறக்கிவிடுவதுதான் வழக்கமான தவறு. நுரை அடங்கியபின் பத்துப் பதினைந்து நிமிடம், அடி பிடிக்காமல் கிளறிக்கொண்டே. ஃபிரிட்ஜில் மூன்று நான்கு நாள் இருக்கும். வடிகட்டியில் மிஞ்சும் ஒகாரா என்ற சக்கையில் நார்ச்சத்தும் ஓரளவு புரதமும் உண்டு. அன்றே மாவில் பிசையலாம், இல்லாவிட்டால் உறையவைக்க வேண்டும். அறை வெப்பத்தில் வெகு விரைவில் புளித்துவிடும்.

ஓட்ஸ் பால் இன்னும் எளிது: 80 முதல் 100 கிராம் ஓட்ஸ், ஒரு லிட்டர் ஐஸ் நீர், 30 விநாடி அரைப்பு, அவ்வளவுதான். கூட அரைத்தாலும், துணியைப் பிழிந்தாலும், அடுப்பில் வைத்தாலும் மாவுச்சத்து வெளிப்பட்டுக் கஞ்சிபோல் வழுவழுக்கும். கடைப் பால் அப்படி ஆகாததற்குக் காரணம் அமைலேஸ் நொதி. மாவுச்சத்தை அங்கே சர்க்கரையாக உடைத்துவிடுகிறார்கள், சர்க்கரை போடாமலே அது இனிப்பதும் அதனால்தான். காபியில் திரிவதற்கு அமிலமும் சூடும் காரணம். காபிக்கென்றே விற்கும் பாரிஸ்டா வகையில் அதைத் தடுக்கப் பொட்டாசியம் பாஸ்பேட் சேர்ப்பார்கள். அந்த உப்புக்காகக் கூடுதல் விலை கொடுப்பதா, காபியைச் சற்று ஆறவிட்டு ஊற்றுவதா என்பது அவரவர் விருப்பம்.

வீட்டுப் பாலில் சேர்த்த கால்சியம் கிடையாது. எனவே நல்ல ஏற்பாடு இரண்டையும் பிரித்துக்கொள்வது: குடிக்கச் செறிவூட்டிய சோயா பால் நாளுக்கு ஒரு குவளை, சமையலுக்கும் காபிக்கும் வீட்டுப் பால். ஒரு வயதுக்குள் உள்ள குழந்தைக்கு இவற்றில் எதுவும் தாய்ப்பாலுக்கோ ஃபார்முலாவுக்கோ மாற்று ஆகாது.

சீஸ், பர்கர், புரத பார்

சுருக்கமாகச் சொன்னால் போதும். வீகன் சீஸில் பெரும்பாலும் தேங்காய் எண்ணெய், மாவுச்சத்து, உப்பு. ருசிக்காக வாங்கலாம், சத்துக்காக வேண்டாம். பர்கர் வட்டில் நல்ல புரதம் உண்டு. அதே புரதம் மீல்மேக்கரில் மிகச் சிறிய பங்கு விலைக்குக் கிடைக்கும். புரத பாருக்குப் பதில் ஒரு பிடி வேர்க்கடலை போதும்.

சீஸ் ருசிக்காகத் தூவும் உயிரற்ற ஈஸ்ட் துகளான நியூட்ரிஷனல் ஈஸ்ட்டைக் கொஞ்சம் மரியாதையாக நடத்தலாம். ஒரு வேளைக்கு 5 கிராம் போதும் என்பதால் விலை பெரிதாகத் தெரிந்தாலும் மாதம் 150 கிராமில் முடியும். அதில் பி12 இருப்பது செறிவூட்டிய வகையில் மட்டும். வெளிச்சம் பட்டால் அதிலுள்ள ரிபோஃபிளேவின் என்ற பி2 வைட்டமின் கெடும். கண்ணாடிச் சாடியில் வெளிச்சத்தில் நிற்கும் சில்லறைச் சரக்கை விட, ஒளி புகாத பையில் வருவது மேல்.

கொட்டையும் விதையும்

கிரீம் பதத்துக்கு முந்திரி என்று எல்லாச் செய்முறையும் சொல்கின்றன. தோல் நீக்கிய சூரியகாந்தி விதையைக் கொதிநீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரைத்தால் பெரும்பாலான குழம்புகளில் வித்தியாசம் தெரியாது. இனிப்புப் பண்டத்தில் தெரியும். அதே விதையைச் சமையல் சோடாவோடு சேர்த்து வேகவைத்தால் பச்சை நிறமாகும். கெட்டுப்போகவில்லை, விதையிலுள்ள குளோரோஜெனிக் அமிலம் சோடாவின் காரத்தன்மையோடு சேர்ந்து செய்யும் வேலை, பயப்படாமல் சாப்பிடலாம்.

பீனட் பட்டர் வாங்கினால் பட்டியலில் வேர்க்கடலையும், வேண்டுமானால் உப்பும் மட்டும். வறுத்த கடலையை மிக்ஸியில் ஐந்தாறு நிமிடம், இடையிடையே நிறுத்தி அரைத்தால் எண்ணெய் விட்டு அதுவே வரும். நிறுத்தாமல் ஓட்டினால் மோட்டார் சூடாகி நிற்கும்.

ஒமேகா-3-க்கு ஆளி விதைக்கு மேல் மலிவு இல்லை. பொடித்த ஒரு மேசைக்கரண்டியில், சுமார் 7 கிராம், 1.6 கிராம் ஏஎல்ஏ என்ற தாவர ஒமேகா-3 இருக்கிறது; ஒரு நாளைக்குப் போதும். முழு விதை செரிக்காமலே வெளியேறும். பொடித்துவைத்த பொட்டலம் விலையும் கூட, சிக்கு வாடையும் விரைவில். முழு விதையாக வாங்கி, வாரத்துக்கு 70 கிராம் பொடித்து ஃபிரிட்ஜில் வைப்பதே சரி.

பில்லில் சின்ன வரி, வெட்டக்கூடாத வரி

பணம் இறுகும் மாதத்தில் முதலில் விடுபடுவது பி12 மாத்திரைதான். விட்டால் உடனே ஒன்றும் தெரியாது, கல்லீரல் இருப்பில் பல மாதம், சில சமயம் ஆண்டுகள்கூட ஓடும். தெரியும்போது நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். பிரிட்டனின் வீகன் சொசைட்டி அமைப்பு சொல்லும் வழி மூன்று: செறிவூட்டிய உணவிலிருந்து நாளுக்குக் குறைந்தது 3 மைக்ரோகிராம், அல்லது தினம் 10 மைக்ரோகிராம் மாத்திரை, அல்லது வாரம் 2000 மைக்ரோகிராம். அளவுகள் இப்படித் தாறுமாறாக இருப்பதற்குக் காரணம், குடல் ஒரே நேரத்தில் சுமார் 1.5 முதல் 2 மைக்ரோகிராம்தான் முறையாக உறிஞ்சும். அதற்கு மேல் உள்ளதில் நூற்றில் ஒரு பங்கே நுழைகிறது. வார மாத்திரைக்குப் போனால் ஆண்டுக்கு 52 போதும்.

மாத்திரையில் வரும் பி12 வடிவங்களில் சயனோகோபாலமின் நிலையானது, மலிவு. மெத்தில் வகைக்குக் கூடுதல் விலை கொடுக்கப் பொதுவாகத் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். பி12 நுண்ணுயிர் நொதிப்பில் தயாராவது, ஆகவே சரக்கே வீகன்தான். பார்க்க வேண்டியது மாத்திரையில் லாக்டோஸ், ஜெலட்டின் உறை இருக்கிறதா என்பதை. ஸ்பைருலினாவில் இருப்பதில் பெரும்பகுதி உடலுக்கு உதவாத போலி பி12. அதை நம்பி வாங்கும் காசு வீண்.

டி3 பெரும்பாலும் ஆட்டு உரோமத்தின் மெழுகிலிருந்து வருகிறது. பாசியும் பூஞ்சையும் சேர்ந்து வாழும் லைக்கன் வகையிலிருந்து எடுத்த டி3 அல்லது டி2 என்று இருந்தால் வீகன். அயோடினுக்கு நாளுக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும். அயோடின் சேர்த்த சாதாரண உப்பே அதைத் தருகிறது. பல மடங்கு விலை கொடுத்து இளஞ்சிவப்பு உப்புக்கு மாறுபவர் இருந்ததையும் இழக்கிறார்.

ஒருவருக்கு ஒரு மாதம்

நடுத்தர உழைப்புள்ள ஒரு பெரியவருக்கு: தானியம் 9 கிலோ, பருப்பும் பயறும் இரண்டரைக் கிலோ, மீல்மேக்கர் 600 கிராம், வேர்க்கடலையும் விதைகளும் 900 கிராம், ஆளி விதை 300 கிராம், எண்ணெய் 750 மில்லி, செறிவூட்டிய சோயா பால் ஏழரை லிட்டர், காய்கறி 12 கிலோ, பழம் 6 கிலோ. கூட்டிப் பார்த்தால் நாளுக்கு ஏறக்குறைய 2100 முதல் 2200 கலோரி, 80 கிராம் அளவு புரதம். உழைப்புக் குறைந்தவர் தானியத்தில் குறைக்கட்டும். பயற்றில் கை வைக்க வேண்டாம். டோஃபு வாங்கும் வாரத்தில் 300 கிராம் டோஃபுவுக்குச் சுமார் 80 முதல் 90 கிராம் மீல்மேக்கரைக் கழித்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் மாதத்தின் முதல் நாளே ஒரே நடையில் வாங்குவது சிக்கனம் என்று தோன்றும். தானியம், பயறு, எண்ணெய்க்கு அது சரி. காய்கறிக்கு வாரம் இருமுறை என்று பிரித்தால் அழுகல் குறையும். தவிடு நீக்காத அரிசி, முழுக்கோதுமை மாவு, கொட்டைகள் மூன்றிலும் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வரும். அவற்றை ஒரு மாத அளவுக்கு மேல் அறை வெப்பத்தில் சேர்க்காதீர்கள். கீரை, பட்டாணி, பெர்ரி போன்றவை பருவம் தப்பிய மாதங்களில் உறைந்த பையாக வாங்குவது நல்லது: சுத்தம் செய்ய வேண்டாம், கழிவு இல்லை, பட்டாணியில் புரதமும் 100 கிராமுக்கு 5 கிராம். கால்சியத்துக்குப் பாலக் கீரையை நம்பாதீர்கள். ஆக்சலேட் பிடித்துக்கொள்வதால் அதிலுள்ளதில் மிகச் சிறு பங்கே உடலில் சேரும்.

லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை. வீகன் முத்திரை இருந்தால் வேலை எளிது, ஆனால் முத்திரை இல்லாத பயறும் ஓட்ஸும் வீகன் இல்லாமல் போவதில்லை. முத்திரைக்காகவே ஒரு சாமானுக்கு அதிக விலை கொடுக்கும் முன் விலங்கிலிருந்து வருபவை இருக்கின்றனவா என்று பட்டியலைப் படியுங்கள்: பால் புரதங்களான வே, கேசீன், பிறகு ஜெலட்டின், தேன்மெழுகு இ901, ஷெல்லாக் இ904, கார்மைன் இ120. பால் இருக்கலாம் என்ற வரி ஒவ்வாமை உள்ளவர்களுக்கான எச்சரிக்கை. அதே தொழிற்சாலையில் பால் பொருளும் ஓடுகிறது என்று பொருள், பால் சேர்த்தார்கள் என்றல்ல.

மாதக் கடைசியில் பில்லை நான்கு பத்தியாகப் பிரித்து எழுதுங்கள்: அடிப்படைச் சாமான், காய்கனி, நகல் பொருள்கள், மாத்திரை. சீஸ், பர்கர், பார், செறிவூட்டாத பெட்டிப் பால், வீகன் இனிப்பு எல்லாம் மூன்றாவது பத்திக்கு. முதல் மாதம் அதில் வரும் தொகையைப் பார்த்தாலே எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். அதை ஒரேயடியாக வெட்டினால் இரண்டாவது வாரத்தில் வெளியில் சாப்பிடப் போவீர்கள். மொத்தத்தில் பத்தில் ஒன்று என்று ஒரு வரம்பு வைத்து, அது தீர்ந்தால் அடுத்த மாதம் என்று நிறுத்துவது நடைமுறையில் நிற்கிறது. பணம் இன்னும் பிடித்தால் குறைக்கும் வரிசை இது: நகல் பொருள், பிறகு முந்திரி, பாதாம், பிறகு டோஃபுவுக்குப் பதில் மீல்மேக்கர், பிறகு பருவம் தப்பிய பழம். சோயா பாலைக் குறைப்பதானால் கால்சியம் சல்பேட் டோஃபுவையோ கால்சியம் மாத்திரையையோ முதலில் கூடையில் போட்டுவிட்டுக் குறையுங்கள்.